சிஸ்டம் எடுத்துக்கும்

எதிர் வீட்டு அக்கா நீட்டிய பாஸ்புக்கின் கடைசி வரியில் இருப்பு 0.00 என்று இருந்தது. அதற்கு முந்தைய வரியில் ஆயிரம் ரூபாய் வரவு. 2023 செப்டம்பர், தமிழ்நாட்டு அரசின் மகளிர் உரிமைத் தொகை முதல் தடவையாகக் கணக்குகளில் ஏறிய வாரம் அது. வந்த ஆயிரம் வந்த அன்றைக்கே போயிருந்தது. எதற்கென்று பார்த்தால் ஆங்கிலத்தில் 'எம்.ஏ.பி. சிஎச்ஜி' என்று ஒரு முணுமுணுப்பு.

அந்த வருடப் பொங்கல் வரை அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தவர். மாமியாருக்கு முடியாமல் போகவே, பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. கம்பெனிக்காரர்கள் திறந்து கொடுத்த சம்பளக் கணக்கில் 1,840 ரூபாய் மிச்சமிருந்தது. கிடக்கட்டும், அவசரத்துக்கு ஆகும் என்று விட்டுவைத்தார். அவசரம் வங்கிக்கு வந்துவிட்டது.

"பேங்குல கேட்டீங்களாக்கா?"

"கேட்டனுங்க தம்பி. அதெல்லாம் சிஸ்டமே எடுத்துக்குமுங்கம்மான்னு சொல்லிட்டாங்க."

கவுன்ட்டரில் இருந்தவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் உண்மையைத்தான் சொன்னார். சிஸ்டம்தான் எடுத்துக்கொள்கிறது. நான் சண்டைக்கு நிற்பது அந்த சிஸ்டத்துக்கு நம் படித்தவர்கள் கொடுக்கும் நற்சான்றிதழோடு. வங்கிக் கட்டணம் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது வந்து விழும். ஓய்வுபெற்ற மேலாளர் சொல்வார், பண விஷயம் எழுதும் பத்தியாளர் சொல்வார், யூடியூபில் கோட்டு போட்ட பையன் சொல்வான்: "மறைமுகக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லாம் இணையதளத்தில் இருக்கிறது, கிளையின் சுவரில் தொங்குகிறது. கணக்கு தொடங்கும்போது கையெழுத்துப் போட்டீர்கள். படிக்காதது உங்கள் தப்பு. பிடிக்கவில்லையா, நல்ல வங்கியாகப் பார்த்து மாறிக்கொள்ளுங்கள்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்பு இதை நானே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், அதுவும் கொஞ்சம் எகத்தாளமாக. அக்காவின் பாஸ்புக்கை வரி வரியாகப் படித்த பிறகு அந்த நியாயத்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

முதலில் அந்தக் கையெழுத்து. வங்கியின் ஆள் மதிய உணவு நேரத்தில் கம்பெனி கேண்டீனுக்கு ஒரு கட்டு விண்ணப்பங்களோடு வந்தார். எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. ஒரு ஷிப்டு ஆட்கள் வரிசையில் நின்று போட்டார்கள். எந்த வங்கி என்று தீர்மானித்தது கம்பெனி. கம்பெனிக்கு அந்த வங்கியில் என்ன சலுகை கிடைத்ததோ, அது நமக்குத் தெரியாது. சம்பளம் வருகிறவரை இருப்பே வேண்டாம். பல வங்கிகளில் மூன்று மாதம் சேர்ந்தாற்போலச் சம்பளம் ஏறவில்லையென்றால் அந்தக் கணக்கு சத்தமில்லாமல் சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிடும். அன்றிலிருந்து குறைந்தபட்ச இருப்பு கேட்கும். அக்காவின் கணக்கு இருந்த நகரக் கிளையில் அது பத்தாயிரம். அதாவது, வேலை போன மூன்றாவது மாதம் முடிந்து, கையில் காசு ஓட்டமே இல்லாத நேரம் பார்த்துப் பத்தாயிரம் வைத்திரு என்கிறது. இதை யாராவது தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னால் 'தேர்வு' என்ற சொல்லுக்கே அர்த்தம் இல்லை.

அடுத்தது சுவரில் தொங்கும் பட்டியல். தொங்குகிறதுதான். எம்.ஏ.பி. என்றால் மாதாந்திர சராசரி இருப்பு என்றும் அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். தெரிந்து என்ன செய்வது? ஒவ்வொரு நாளின் முடிவிலும் இருக்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். பத்தாயிரம் சராசரி வேண்டுமென்றால் முப்பது நாளில் கூட்டுத்தொகை மூன்று லட்சம் வரவேண்டும். ஒருவர் ஒரே ஒரு நாள் மூன்று லட்சத்தைப் போட்டு மறுநாள் எடுத்துக்கொண்டு, மிச்சம் இருபத்தொன்பது நாளும் பூஜ்யத்தில் வைத்திருந்தால் அவர் ஒழுங்கான வாடிக்கையாளர். இன்னொருவர் முப்பது நாளும் 9,900 ரூபாயைத் தொடாமல் வைத்திருந்தால் அவர் தவறியவர். காசு புரட்டத் தெரிந்தவனுக்கு இது விதியே இல்லை. ஒரு சம்பளத்துக்கும் அடுத்த சம்பளத்துக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பவருக்குத்தான் விதி.

அக்காவின் பாஸ்புக்கில் இது எப்படி ஓடியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வங்கியில் குறைகிற தொகைக்கு 6 சதவீதம், அல்லது 500 ரூபாய், எது குறைவோ அது. ஏப்ரலில் 1,840 இருந்ததால் குறைவு 8,160. அதில் 6 சதவீதம் 489 ரூபாய் 60 காசு. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 577 ரூபாய் 73 காசு போயிற்று. இருப்பு குறைந்ததால் அடுத்த மாதம் குறைவு இன்னும் அதிகம். 500 ரூபாய், ஜிஎஸ்டியோடு 590. அதற்கடுத்த மாதமும் 590. நான்காவது மாதம் எடுக்க 82 ரூபாய் 27 காசுதான் இருந்தது. அதையும் வழித்து எடுத்தாயிற்று. பாக்கியை நிலுவை என்று குறித்துவைத்துக்கொண்டு, ஐந்தாவது மாதத்துக்கும் சேர்த்துக் காத்திருந்தது சிஸ்டம். உரிமைத் தொகை வந்தது. அதன் பிறகும் 97 ரூபாய் 73 காசு பாக்கி.

மாதம் 6 சதவீதம் என்றால் வருடத்துக்கு 72 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்ய 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டோம். அங்கேயாவது கடன் வாங்கியவன் வட்டி கட்டுகிறான். இங்கே அக்கா வாங்காத கடனுக்கு, தன்னிடம் இல்லாத பணத்துக்கு வட்டி கட்டியிருக்கிறார். அதற்கு ஜிஎஸ்டி வேறு. ஜிஎஸ்டி என்பது பொருளுக்கோ சேவைக்கோ விதிக்கும் வரி. 'உங்கள் கணக்கில் பணம் இல்லை' என்பது என்ன சேவை?

இந்த அக்கா மட்டும் மாட்டிக்கொண்டார் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த செப்டம்பரில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு உரிமைத் தொகை போனது. அதில் கைவைத்த வங்கிகளைக் கண்டித்து அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விடவேண்டி வந்தது. அரசு ஒரு கையால் போட்டதை இன்னொரு கை எடுப்பதை ஓர் அமைச்சர் ஊரறியச் சொல்லித்தான் நிறுத்தவேண்டுமென்றால், சுவரில் தொங்கிய பட்டியல் யாருக்காகத் தொங்கியது?

'படிக்காதது உன் தப்பு' என்கிற வாதத்துக்கு வருகிறேன். இதை மறுக்க நான் பெரிய தத்துவம் எதையும் தேடவேண்டியதில்லை, ரிசர்வ் வங்கியே மறுத்திருக்கிறது. ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்த 2014 ஏப்ரல் 1 அன்று வெளியான நாணயக் கொள்கை அறிக்கையில், வாடிக்கையாளரின் சிரமத்தையோ கவனக்குறைவையோ வங்கிகள் தங்களுக்கு ஆதாயமாக்கிக்கொள்ளக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். இருப்பு குறைந்தால் அபராதம் போடாதே, அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் வசதிகளை அடிப்படைக் கணக்கின் அளவுக்குக் குறைத்துக்கொள், இருப்பு ஏறியதும் திரும்பக் கொடு என்பது யோசனை. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள். காசு இல்லாதவனுக்குக் காசோலைப் புத்தகம் இல்லை, அவ்வளவுதான். அவனிடம் இருக்கும் கொஞ்சத்தையும் பிடுங்க வேண்டியதில்லை.

அந்த யோசனை அந்த வருடத்தைத் தாண்டவில்லை. மே மாதம், செயல்படாத கணக்குகளுக்கு மட்டும் அபராதம் கூடாது என்றார்கள். நவம்பர் 20-ஆம் தேதி சுற்றறிக்கையில் மற்ற கணக்குகளுக்கு அபராதத்தை அனுமதித்து, சில நிபந்தனைகளைப் போட்டார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் அமல். இருப்பு குறைந்தால் முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அபராதம் குறைகிற தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போய்விடக் கூடாது.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். அக்காவின் கணக்கு மைனஸுக்குப் போகவே இல்லை. பாஸ்புக்கில் பூஜ்யம்தான். நிலுவை வேறு எங்கோ, அவர் கண்ணில் படாத இடத்தில் ஏறிக்கொண்டிருந்தது. விதியின் எழுத்துக்குப் பங்கம் வராமல் அதன் உயிரை எடுப்பது எப்படி என்று இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. முன்னறிவிப்பு எஸ்எம்எஸ் போயிருக்கிறதா? போயிருக்கும். திருப்பூர் ஹாஸ்டலில் இருந்தபோது வைத்திருந்து, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண்ணுக்கு, ஆங்கிலத்தில். எண்ணை மாற்றாதது அக்காவின் தப்புதானே என்று கேட்பீர்கள். சரி, தப்பு. அதற்கு விலை 2,840 ரூபாயா?

எஸ்எம்எஸ் என்றதும் இன்னொன்று. எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் வாங்குவதானால் அனுப்பிய அளவுக்கு ஏற்பத்தான் வாங்க வேண்டும் என்று 2013 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பல வங்கிகள் காலாண்டுக்கு மொத்தமாக 15 ரூபாய், வரியோடு 17 ரூபாய் 70 காசு என்று பிடித்துக்கொண்டே இருந்தன. ஒரு டீ, வடையின் விலை. யார் போய்ச் சண்டை போடுவார்கள்? சண்டை போட ஆட்டோவில் போய்வரும் செலவு அதைவிட அதிகம். இந்தக் கட்டணங்களின் சூட்சுமமே அளவில்தான் இருக்கிறது. கேள்வி கேட்கத் தோன்றாத அளவுக்குச் சிறியதாக இருக்கவேண்டும், கோடிக்கணக்கான கணக்கால் பெருக்கினால் மலைபோல வரவேண்டும். வந்திருக்கிறது. 2018-லிருந்து பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் எஸ்எம்எஸ்ஸுக்காக வசூலித்தது 6,254 கோடி ரூபாய், கூடுதல் ஏடிஎம் பயன்பாட்டுக்காக 8,289 கோடி, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்காக 21,044 கோடி என்று 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அரசே பதில் சொன்னது. மூன்றையும் கூட்டினால் 35,000 கோடிக்கு மேல். இதில் ஏடிஎம் கட்டணத்தை மட்டும் நான் சண்டையிலிருந்து விலக்கிவைக்கிறேன். இன்னொரு வங்கியின் இயந்திரத்தில் நாம் பணம் எடுத்தால் நம் வங்கி அந்த வங்கிக்கு உண்மையிலேயே 19 ரூபாய் கொடுக்கிறது. எந்திரம், காசு நிரப்பும் வண்டி, காவலாள் எல்லாம் இருக்கிறது. இலவச எண்ணிக்கையைத் தாண்டினால் 23 ரூபாய் என்று திரையிலும் காட்டலாம். அது விலை. மற்ற இரண்டும் விலை அல்ல.

விலையென்றால் என்ன, தெரியாமல் போவதென்றால் என்ன என்பதற்குப் பாஸ்புக்கே சாட்சி. வங்கி பிடிக்கும் கட்டணம் கட்டணமா, அபராதமா, எதற்காக என்பதையெல்லாம் பாஸ்புக்கிலும் கணக்கு அறிக்கையிலும் புரியும்படி எழுத வேண்டும் என்று 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. புரியாத சுருக்கெழுத்து கூடாது என்று அதற்கு முன்பும் சொல்லியிருக்கிறது. 'எம்.ஏ.பி. சிஎச்ஜி' என்பது யாருக்குப் புரியும்? அச்சடிக்கும் எந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகிவிட்டு, சரக்சரக்கென்று ஓடும் சத்தத்தைக் கேட்டு, வெளியே வந்ததும் கடைசி வரியில் மிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடையைக் கட்டுகிறோம். நடுவில் இருப்பது படிப்பதற்காக எழுதப்பட்டதில்லை என்று நமக்கே தெரிந்திருக்கிறது. படிக்க முடியாதபடி எழுதிவிட்டு, படிக்கவில்லையே என்று குற்றம் சொல்வது நல்ல கூத்து.

மேலாளர் ஒருவரிடம் இதையெல்லாம் அடுக்கியபோது அவர் அடுத்த வாதத்துக்குத் தாவினார்: "ஒரு கணக்கைப் பராமரிக்கச் செலவாகிறது சார். முந்நூறு ரூபாய் வைத்திருக்கிறவரால் வங்கிக்கு ஒரு பைசா லாபமில்லை. யார் கொடுப்பது?" இதில் பாதி உண்மை. முந்நூறு ரூபாய்க் கணக்கால் நட்டம்தான். ஆனால் அந்த நட்டத்தை ஈடுகட்ட எத்தனையோ வழி இருக்க, அந்த முந்நூறு ரூபாய்க்காரரிடமே போய்க் கையேந்துவது எந்த ஊர்க் கணக்கு? பெரிய வங்கிகள் பல 2025 ஜூனிலிருந்து சேமிப்புக்குக் கொடுக்கும் வட்டி 2.5 சதவீதம். பத்தாயிரத்தை ஒரு வருடம் அசைக்காமல் வைத்திருப்பவருக்குக் கிடைப்பது 250 ரூபாய்ச் சொச்சம். டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 200 ரூபாய் என்றால் வரியோடு 236. எஸ்எம்எஸ்ஸுக்கு நாலு காலாண்டில் 70 ரூபாய் 80 காசு. வருட முடிவில் அவர் போட்ட பத்தாயிரம் பத்தாயிரமாகக்கூட இல்லை. அவர் பணத்தை வாங்கி 8, 9 சதவீதத்துக்கு வீட்டுக் கடனாகக் கொடுத்த வங்கிக்கு அவர்தான் செலவு வைக்கிறாராம்!

அதைவிடப் பெரிய பதிலை வங்கிகளே கொடுத்துவிட்டன. பாரத ஸ்டேட் வங்கி 2012-இல் கைவிட்ட அபராதத்தை 2017 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில் 1,772 கோடி ரூபாய் வசூல். அந்த வருடம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அதன் மொத்த லாபமே 1,581 கோடிதான். ஊர் சிரித்த பிறகு தொகையைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குக்கும், 44 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளுக்கு, ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். வங்கி திவாலாகிவிட்டதா? அதற்குப் பிறகுதான் அதன் லாபம் வருடத்துக்கு வருடம் ஏறியது. 2025 ஜூனில் கனரா வங்கி, ஜூலையில் பஞ்சாப் நேஷனல், பேங்க் ஆஃப் பரோடா, நம் சென்னை இந்தியன் வங்கி எல்லாம் இந்த அபராதத்தை நீக்கின. கணக்கைப் பராமரிக்க ஆகும் செலவு அந்த மாதம் திடீரென்று பூஜ்யமாகிவிட்டதா என்ன? செலவு அப்படியே இருக்கிறது. வேறு இடத்தில் ஈடுகட்டிக்கொள்கிறார்கள். அப்படியானால் இத்தனை வருடம் இல்லாதவரிடம் வாங்கியது தேவையால் அல்ல, வாங்க முடிந்ததால்.

'அப்படிப்பட்டவர்களுக்குத்தான் ஜீரோ பேலன்ஸ் கணக்கு இருக்கிறதே' என்று ஒரு சமாதானம் வரும். இருக்கிறது. 2012-இல் ரிசர்வ் வங்கி ஒவ்வொரு வங்கியும் கொடுத்தே ஆகவேண்டும் என்று சொன்ன அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. குறைந்தபட்ச இருப்பு இல்லை, ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் நான்கு முறை பணம் எடுக்கலாம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கிளையில் போய்க் கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் இங்கே கிடையாது' என்பார்கள், அல்லது அதேபோலப் பேருள்ள வேறொரு டிஜிட்டல் கணக்கைத் தலையில் கட்டுவார்கள். இந்தக் கணக்கை வைத்திருந்தால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பது விதி. சம்பளக் கணக்கு அங்கே இருப்பவர் அதை விட்டுக்கொடுத்தால்தான் அந்த வாசல் திறக்கும்.

கிடைத்தவர்களுக்காவது நிம்மதியா? ஐஐடி மும்பையின் புள்ளியியல் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் தோண்டியெடுத்த கணக்கு இது. பாரத ஸ்டேட் வங்கி இந்த ஏழைக் கணக்குகளில் மாதம் நான்கு முறைக்கு மேல் நடந்த ஒவ்வொரு பற்றுக்கும் 17 ரூபாய் 70 காசு பிடித்திருக்கிறது, ஃபோனில் பணம் அனுப்பினாலும்கூட. 2015-இலிருந்து 2020 வரை ஏறக்குறைய 12 கோடி கணக்குகளிடமிருந்து 300 கோடி ரூபாய்க்கு மேல். டிஜிட்டலுக்கு மாறு, டிஜிட்டலுக்கு மாறு என்று நாடெல்லாம் தட்டி வைத்த காலம். மாறியவனுக்கு அபராதம். 2020 ஆகஸ்டில் நேரடி வரிகள் வாரியம் உத்தரவிட்ட பிறகு அதில் ஒரு பகுதியைத்தான் திருப்பினார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு பேராசிரியர் வேண்டியிருந்தது. 12 கோடிப் பேரில் எவரும் பட்டியலைப் படிக்கவில்லை என்றா சொல்லப்போகிறோம்?

மிச்சமிருப்பது அந்தக் கடைசி அறிவுரை: வங்கியை மாற்று. சொல்பவர்கள் ஒரு தடவை மாற்றிப் பார்த்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. வண்டிக் கடன் தவணை, எல்ஐசி பிரீமியம், கேஸ் மானியம், வருங்கால வைப்பு நிதி, பிள்ளையின் உதவித்தொகை என்று ஒரு கணக்கு எண்ணில் பத்துக் கயிறு கட்டியிருக்கிறது. ஒன்றை அவிழ்க்க மறந்தால், தவணை திரும்பிவிட்டது என்று 250-லிருந்து 500 ரூபாய் வரை, வரியோடு. ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் அரசுப் பணம் போகும். இணைப்பு எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அக்காவுக்கும் அப்படித்தான். ஊரில் அவருக்குக் கூட்டுறவு வங்கியில் வேறொரு கணக்கு இருந்தது, பணம் போனது திருப்பூர்க் கணக்குக்கு. செல்போன் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்ற 2011 ஜனவரியிலிருந்து முடிகிறது. மாற முடியும் என்றதும் அந்தக் கம்பெனிகள் நடந்துகொண்ட விதமே மாறியது. வங்கிக் கணக்கு எண்ணுக்கும் அந்த வசதி வேண்டும் என்று 2017-இல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராக இருந்த எஸ்.எஸ்.முந்த்ரா பேசினார். குறைந்தபட்ச இருப்பைக் காட்டிச் சாமானியரை ஒதுக்குவதையும் கண்டித்தார். பேச்சு பேச்சாக நின்றது.

2025 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை. ஐசிஐசிஐ வங்கி நகரங்களில் புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச சராசரி இருப்பை 50,000 என்று உயர்த்தியது. செய்தியாளர்கள் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவிடம் கேட்டபோது, அது வங்கிகள் முடிவு செய்துகொள்ள வேண்டியது, ஒழுங்குமுறை வரம்புக்குள் வருவதில்லை என்றார். இரண்டு நாளில் வங்கியே 15,000-க்கு இறங்கியது. ஏன் இறங்கியது? 50,000 வைக்க முடியாதவர்களுக்காக இல்லை. செய்தி படிக்கிற, சமூக ஊடகத்தில் எழுதுகிற, வேறு மூன்று வங்கியில் கணக்கு வைத்திருக்கிற நடுத்தர வர்க்கம் கூச்சல் போட்டதற்காக. சந்தை வேலை செய்தது என்று சிலர் இதைக் கொண்டாடினார்கள். வேலை செய்ததுதான், சத்தம் போட நேரமும் ஃபோனும் உள்ளவர்களுக்கு. அக்கா மாதிரி ஆட்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம்தான் குரல். அது தன் வரம்புக்குள் இல்லை என்கிறது. 2014-இல் வரம்புக்குள் இருந்தது எப்போது வெளியே போனதோ. கட்டணத்தை ஒழிக்க முடியாது என்றும் இல்லை: மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கான அபராதத்தை 2012-இல் ஒரே சுற்றறிக்கையில் ஒழித்தார்கள். 2020 ஜனவரி முதல் சேமிப்புக் கணக்கிலிருந்து இணையவழி நெஃப்ட் அனுப்பக் கட்டணம் கூடாது என்றார்கள். ஒழிந்தது. வீட்டுக் கடன்காரருக்கு முடிந்தது பனியன் கம்பெனிக்காரருக்கு முடியவில்லை.

வங்கியைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. கையில் வாய்ப்பு உள்ளவர் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும், விளம்பரத்தைப் பார்த்து அல்ல. கவுன்ட்டரில் போய், சராசரி இருப்பு எவ்வளவு, மாதத்துக்கா காலாண்டுக்கா என்று கேளுங்கள். உங்கள் கிளை பெருநகரமா, நகரமா, சிறுநகரமா, கிராமமா என்று கேளுங்கள். ஒரே வங்கியில் ஒரே கணக்குக்கு இருபது கிலோமீட்டர் தள்ளிப் பாதித் தொகைதான் கேட்பார்கள். வேலை மாறினால் பழைய சம்பளக் கணக்கை அந்த மாதமே மூடுங்கள். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்ட கணக்கில்தான் சிஸ்டம் உட்கார்ந்திருக்கிறது. வட்டிதான் முக்கியம், எந்த ஆப்பும் வேண்டாம் என்பவர் தபால் நிலையத்துக்குப் போகலாம்: சேமிப்புக் கணக்குக்கு 4 சதவீதம், 500 ரூபாய் இருந்தால் போதும், அதற்குக் குறைந்தால் வருடத்துக்கு ஒரு தடவை 50 ரூபாய். கூட்டம் இருக்கும், சர்வர் அடிக்கடி படுத்துக்கொள்ளும், அதையும் சொல்லிவிடவேண்டும்.

அக்காவுக்காக ஒரு கடிதம் எழுதினேன், தமிழில்தான். மூன்று கேள்வி: ஒரு மாத அவகாசம் கொடுத்து அனுப்பிய அறிவிப்பின் தேதி என்ன, அது எந்த எண்ணுக்குப் போனது, பூஜ்யத்தில் இருந்த கணக்கில் நிலுவை எப்படி ஏறியது. முப்பது நாளில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்று கடைசியில் ஒரு வரி. அதற்கு வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பதில் வரவில்லை. இருபத்தி நாலாம் நாள் பாஸ்புக்கில் 1,672 ரூபாய் 27 காசு வரவாகியிருந்தது. உரிமைத் தொகை ஆயிரம், அதோடு கடைசி இரண்டு மாதத்துப் பிடித்தம். முதல் இரண்டு மாதத்துத் தொகை ஏன் திரும்பவில்லை, இது ஏன் திரும்பியது என்று ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் 'எம்.ஏ.பி. ஆர்இவி' என்று மட்டும் அச்சாகியிருந்தது.

கணக்கை மூடப் போன அன்று அக்கா அந்த வரியைக் காட்டி, இது எதுக்குப் போட்டீங்க என்று கவுன்ட்டரில் கேட்டிருக்கிறார்.

"தெரியலீங்கம்மா. சிஸ்டமே போட்டிருக்குமுங்க."